போலோ ஜி.டி.க்கு எந்த சஸ்பென்ஷன்? முதல்முறை மாற்றுபவர்களுக்கு ஒரு விளக்கம்

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இந்தியாவுக்கு 2013-இல் வந்தது. 2022-இல் போலோ உற்பத்தியே இங்கு நின்றுபோனது. இன்றும் செகண்ட் ஹேண்டில் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன், சுமார் 1,100 கிலோ எடை. வாங்கிய கொஞ்ச நாளில் எஞ்சினுக்கு ரீமேப் (கம்ப்யூட்டர் மூலம் வலுவைக் கூட்டுவது), அப்புறம் அலாய் வீல், அதற்கடுத்து வருகிற கேள்வி சஸ்பென்ஷன். கடையில் கேட்டால் காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செட்) போடச் சொல்வார்கள். நண்பர் காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங்கே போதும் என்பார். இன்னொருவர் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான பின்பக்க ஆன்டி ரோல் பாரில் ஆரம்பி என்பார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு காருக்கு, ஏதோ ஒரு ரோட்டுக்குச் சரிதான். உங்கள் காருக்கும் உங்கள் ரோட்டுக்கும் எது சரி என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். போலோவை வைத்துச் சொல்கிறேன். ஸ்விஃப்ட், ஐ20, ஃபிகோ என முன்சக்கரம் இழுக்கிற சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் இதே கணக்குத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ரோட்டில் ஓடும் காரில், மோசமான தார்மேல் போகும்போதும் நான்கு டயரும் தரையை விடாமல் இருக்க வேண்டும். அதைச் செய்கிற சஸ்பென்ஷன்தான் நல்ல சஸ்பென்ஷன். கார் எவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. காற்றில் இருக்கும் டயர் திருப்பவும் திருப்பாது, பிரேக்கும் பிடிக்காது.

ஸ்பிரிங் ஒரு வேலை, ஷாக் இன்னொரு வேலை

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கும்போது அது அமுங்கி, வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கும். அதை அப்படியே விட்டால் கார் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள், வால்வுகள் வழியாகத் தள்ளி, ஆட்டத்தின் சக்தியைச் சூடாக மாற்றிவிடுகிறது. நீண்ட மோசமான ரோட்டில் ஓடி நிறுத்தியதும் ஷாக்கின் உடம்பைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரியும். பொறியாளர்கள் இதை டாம்பர் என்பார்கள். நம் ஊர் ஒர்க் ஷாப்பில் ஷாக் என்றால்தான் புரியும்.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்று அளப்பார்கள். கம்பெனி போலோவில் முன்சக்கரம் ஒன்றின் மேல், ஓட்டுநரையும் சேர்த்து, சுமார் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 2.5 கிலோ/மி.மீ. இறுக்கம் கிடைத்தால், அந்த மூலை தன்போக்கில் ஆடும் வேகம் ஒரு விநாடிக்குச் சுமார் 1.4 தடவை, அதாவது 1.4 ஹெர்ட்ஸ். அதே எடைக்கு 4 கிலோ போட்டால் 1.8, 6 கிலோ போட்டால் 2.2, 8 கிலோ போட்டால் 2.6.

வாங்கப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய எண் இதுதான். சாதாரணக் குடும்பக் கார்கள் ஏறக்குறைய 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். கொஞ்சம் துடிப்பான தெருக் காருக்கு 1.5 முதல் 2 வரை தாங்கும். அதற்கு மேலே போனால் ரேஸ் டிராக்கின் வழவழப்பான தரைக்கான காராகிவிடும். செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ 2.6 ஹெர்ட்ஸ் கார் ஒட்டிக்கொண்டு ஓடும். அங்கே பாதாளச் சாக்கடை மூடி கிடையாது, கேபிள் போடத் தோண்டி அரைகுறையாக மூடிய குறுக்குக் கோடும் கிடையாது. அதே கார் ஊருக்குள் அப்படியொரு கோட்டைத் தாண்டும்போது சக்கரம் ரோட்டின் வடிவத்தைப் பின்தொடராமல் துள்ளி எழும். வளைவில் அது நடந்தால் கார் ஒரு முழம் வெளியே நகரும்.

ஒரு எச்சரிக்கை. 'சிவிக்கில் 8 கிலோ ஸ்பிரிங் போட்டார்கள், நன்றாக இருந்தது' என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை அப்படியே போலோவுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். போலோவின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. சக்கரம் ஒரு மில்லிமீட்டர் மேலே போனால் ஸ்பிரிங்கும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அமுங்கும். பழைய சிவிக்கில் இருந்தது டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் இரண்டு ஆர்ம் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. அந்த அமைப்பில் சக்கரம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஸ்பிரிங் 0.7 தான் நகர்கிறது என்று வைத்தால், சக்கரத்தில் தெரியும் இறுக்கம் 8 ஐ 0.7 ஆல் இரண்டு தடவை பெருக்கி வரும் 3.9 கிலோதான். அதே ஸ்பிரிங்கை போலோவில் போட்டால் கிட்டத்தட்ட 8 கிலோவும் முழுசாகச் சக்கரத்துக்கு வந்துவிடும். ஹெர்ட்ஸில் பேசினால் இந்தக் குழப்பம் வராது.

தாழ்த்தினால் உண்மையில் என்ன கிடைக்கிறது

தாழ்ந்த கார் பார்க்க அழகு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'கீழே இறக்கினால் கிரிப் கூடும்' என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வளைவில் உள்பக்கச் சக்கரங்களின் எடை வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. அந்த மாற்றம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது காரின் எடை, வளைவின் வேகம், ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் ஆகியவைதான். ஸ்பிரிங் இறுக்கம் இந்த மொத்தத்தை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. 1,100 கிலோ கார், 0.8 ஜி (புவியீர்ப்பின் 0.8 மடங்கு) பக்கவாட்டு முடுக்கத்தில் திருப்புகிறோம், ஈர்ப்பு மையம் 53 செ.மீ. உயரத்தில், அகலம் 1.46 மீட்டர் என்று வைத்தால் சுமார் 320 கிலோ இடம் மாறும். காரை 30 மி.மீ. இறக்கினால் அது 300 கிலோ. ஆறு சதவீதம்கூட முழுசாக இல்லை. நல்லதுதான், ஆனால் நல்ல டயர் கொடுக்கும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. காரை ஜாக் போட்டுத் தூக்காமல், சக்கரம் தரையில் இருக்கும்போதே முன்னால் குனிந்து, சக்கரத்தின் அடிப்பக்கத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மைப் பாருங்கள். கம்பெனி உயரத்தில் அது கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், அல்லது சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சாய்ந்து இருக்கும். காரை 50 மி.மீ. இறக்கிய பிறகு பார்த்தால் சக்கரத்தின் பக்கம் மேலே ஏறி நிற்கும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். ஆர்ம் அப்படி மேலே திரும்பும்போது ரோல் சென்டர், கார் இறங்கியதைவிட அதிக தூரம் கீழே இறங்கிவிடும். ஈர்ப்பு மையத்துக்கும் அதற்கும் இடையிலான தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். ஆக, கார் தாழ்ந்த பிறகு அந்த நெம்புகோல் நீளுகிறது. ஸ்பிரிங்கை இறுக்காமல் உயரத்தை மட்டும் குறைத்தால் கார் முன்பைவிட அதிகமாகச் சாயலாம். அதோடு, சக்கரம் அமுங்கும்போது டயரின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து வளைவில் உதவ வேண்டும். ஆர்ம் மேலே ஏறிய நிலையில் அந்த உதவியும் குறைகிறது.

இதையெல்லாம்விட முக்கியமானது டிராவல், அதாவது சக்கரம் மேலே போக மிச்சமிருக்கும் இடம். ஒரு பேச்சுக்கு, கம்பெனி உயரத்தில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை இடிக்க 60 மி.மீ. இருக்கிறது என்போம். 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 20. வீட்டார் நான்கு பேர் ஏறினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் கார் ஸ்பிரிங்கின் மேல் இல்லை, அந்த ரப்பர் கட்டையின் மேல் ஓடுகிறது. வளைவின் நடுவில் முன்பக்கம் அதில் மோதினால் ஸ்பிரிங் திடீரெனப் பல மடங்கு இறுகியதுபோல ஆகி, கார் திரும்பாமல் நேராக இழுக்கும். பின்பக்கம் மோதினால் வால் வெளியே வீசும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நடக்கும் என்பதுதான் இதில் ஆபத்து.

உங்கள் கார் எவ்வளவு டிராவலைப் பயன்படுத்துகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி. ஷாக் ராடின் மேல் இருக்கும் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, ராடைச் சுற்றி ஒரு சின்ன கேபிள் டையைக் கட்டி, ஷாக் உடம்பை ஒட்டி நிறுத்துங்கள். வழக்கமான ரோட்டில் வழக்கமான ஆட்களோடு ஓட்டுங்கள். டை எவ்வளவு தூரம் மேலே நகர்ந்து நிற்கிறதோ அதுதான் அதிகபட்ச அமுக்கம். அது ஏற்கெனவே பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால், அந்த ரோட்டில் தாழ்த்த உங்களிடம் மிச்சம் இல்லை.

வேகத்தடைக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவாக இருக்க வேண்டும். போலோவின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 2.47 மீட்டர். அப்படியொரு தடையின் மேல் கார் நிற்கும்போது அடிவயிற்றில் 45 மி.மீ.தான் குறையும். கம்பெனி கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 165 மி.மீ. என்பதால் இறக்கிய கார்கூடத் தாராளமாகப் போய்விடும். ஆனால் நம் தெருக்களில் இருப்பது யாரோ ஒரே இரவில் கொட்டிய குறுகலான, 15 செ.மீ. உயர மேடு. அதில் வளைவின் சலுகை கிடையாது, முழு 150 மி.மீ.யும் குறையும். 30 மி.மீ. இறக்கிய காரில் ஆட்கள் ஏறினால் அடி உரசுவது உறுதி. நீங்கள் தினமும் தாண்டும் மேடுகளில் மோசமானது எதுவோ, காரின் உயரத்தை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

என் சிபாரிசு: தெருக் காருக்கு 15 முதல் 25 மி.மீ. வரை. 30 என்பது எல்லை. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது வேண்டவே வேண்டாம். வெட்டிய முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது இடம் மாறிக் கழன்றுகொள்ளும். சூடுகாட்டித் தளர்த்துவது அதைவிட மோசம், எஃகின் பதமே போய்விடும்.

பணத்தை முதலில் எங்கே போடுவது

டயர். அதற்கப்புறம் தேய்ந்த பாகங்கள். இந்த இரண்டும் முடியாமல் வேறெதையும் வாங்காதீர்கள்.

காரும் ரோடும் தொட்டுக்கொள்ளும் ஒரே இடம் டயர். நாலு உள்ளங்கை அளவுதான். எத்தனை லட்சம் ரூபாய் சஸ்பென்ஷனும் அந்த நான்கு இடங்களின் வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும். நல்ல ரப்பர் கலவை உள்ள டயரை 195/55 ஆர்16 அளவில் (195 மி.மீ. அகலம், அதில் 55 சதவீதம் பக்கச் சுவர், 16 அங்குல வீல்) போட்டாலே பிரேக், திருப்பம் இரண்டும் உடனே மாறும். அழகுக்காக 17 அங்குலத்துக்குப் போய் 205/45 போட்டால் டயரின் பக்கச் சுவர் 107 மி.மீ.யிலிருந்து 92 ஆகக் குறையும். பள்ளத்தின் முதல் அடியை வாங்குவது அந்தச் சுவர்தான். வீலின் எடை கூடினால் ஷாக் அடக்க வேண்டிய எடையும் கூடும். ஆகவே 16-இலேயே எடை குறைந்த வீல் கிடைத்தால் அதுவே மேல்.

தேய்மானம் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழெட்டு வருடம் ஓடிய போலோவில் கம்பெனி சஸ்பென்ஷன் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு உண்மையில் தெரியாது, ஏனென்றால் நீங்கள் ஓட்டுவது அதன் மிச்சத்தை. ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவோடு மண் ஒட்டியிருக்கிறதா, டயரின் ஓரத்தில் கையை வைத்துத் தேய்த்தால் மேடு பள்ளமாகத் தட்டுப்படுகிறதா, மேட்டில் ஏறும்போது ஆன்டி ரோல் பாரை இணைக்கும் லிங்க் ராட் 'டொக் டொக்' என்கிறதா, ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியோடு இணைக்கும் மவுண்ட் முறுகி விடுபடுகிறதா என்று பாருங்கள். லோயர் ஆர்ம் காரோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் தானாக நகரும். காரின் மூலையைக் கையால் அமுக்கிப் பார்க்கும் சோதனை முழுதாகச் செத்துப்போன ஷாக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பாதி உயிர் போனதைக் காட்டாது.

புஷ் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரப்பர் புஷ்ஷில் உள்குழாய், வெளிக்குழாய் இரண்டோடும் ரப்பர் ஒட்டியே இருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுகித் திரும்பும். காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், கீழே இறக்கிய நிமிடத்திலிருந்தே அந்த ரப்பர் முறுகிய நிலையில்தான் இருக்கும். சீக்கிரம் கிழியும். காரின் உயரமும் சற்றுத் தப்பாக நிற்கும். லிஃப்டில் போல்ட்டை மாட்டி மட்டும் வைத்துவிட்டு, காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அவசரத்தில் பல இடங்களில் இதைச் செய்வதில்லை. பக்கத்தில் நின்று மரியாதையாகக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்: 'அண்ணே, வண்டியை இறக்கி வச்சுட்டு இந்த போல்ட்டை டைட் பண்ணிடலாமா?'

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்பார்கள். முன் லோயர் ஆர்மில் நல்ல ரகம் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாகும், கேபினுக்குள் சத்தமும் கொஞ்சம் கூடும். இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்தரமான டார்ஷன் பீமின் புஷ் பல திசையில் முறுக வேண்டியது. அங்கே விறைப்பான பாலியூரித்தேன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ரப்பரோடு விட்டுவிடலாம்.

ஷாக்தான் காரின் குணம்

மாற்றப் போவது ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் ஷாக்கைச் சொல்வேன். ஸ்பிரிங் கார் எவ்வளவு சாயும் என்பதை முடிவு செய்கிறது. ஷாக் அந்தச் சாய்வு எவ்வளவு வேகத்தில் நடக்கிறது, எப்படி முடிகிறது என்பதை முடிவு செய்கிறது. ஓட்டுபவருக்கு 'கார் கையில் இருக்கிறது' என்ற நம்பிக்கையைக் கொடுப்பது இந்த இரண்டாவதுதான்.

ஷாக்குக்கு இரண்டு விதமான வேலை வருகிறது. ஸ்டியரிங் திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ராட் மெதுவாக நகரும். அப்போது நல்ல எதிர்ப்பு வேண்டும். பள்ளத்தில் விழும்போது ராட் படுவேகமாக நகரும். அப்போது வால்வு திறந்து வழிவிட வேண்டும், இல்லையென்றால் அடி நேராகப் பாடிக்கு வரும். இந்த இரண்டையும் பிரித்துச் செய்கிற வால்வில்தான் நல்ல கம்பெனி ஷாக்கின் விலை இருக்கிறது. மலிவான காயிலோவர்கள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்காது. முப்பத்திரண்டு கிளிக் அட்ஜஸ்ட்மென்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும். திருகினால் மெதுவான அசைவும் வேகமான அசைவும் சேர்ந்தே இறுகும். திருப்பத்தில் நன்றாக இருக்கும் கிளிக்கில் பள்ளம் முதுகைத் தாக்கும். பள்ளத்துக்குச் சரியான கிளிக்கில் கார் மிதக்கும்.

ஸ்பிரிங்கை இறுக்கினால் ஷாக்கும் அதற்கேற்ப வலுக்க வேண்டும். இறுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது கூட வேண்டும் என்பது கணக்கு. 2.5 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குப் போனால் ஷாக்கின் அடக்கும் வலு சுமார் 26 சதவீதம் கூட வேண்டும். 6 கிலோவுக்குப் போனால் 55 சதவீதம். கம்பெனி ஷாக்கின் மேல் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுவது ஏன் சில மாதத்தில் கசக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். ஏற்கெனவே பாதி தேய்ந்த ஷாக்கின் தலையில் கூடுதல் வேலை வைக்கிறோம். அது இயங்கும் இடத்தையும் குறைக்கிறோம்.

கடையில் காதில் விழும் பெயர்களைப் புரிந்துகொள்ள, பில்ஸ்டைன் என்ற ஷாக் பிராண்டின் வரிசை உதவும். பி4 என்பது கம்பெனி ஷாக்குக்கு நேர் மாற்று. பி6 கம்பெனி நீளத்திலேயே வலுவான மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) ஷாக், கம்பெனி ஸ்பிரிங்கோடு ஓடும். பி8 அதன் குட்டையான வடிவம், தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகச் செய்தது. பி12 என்றால் பி8 ஷாக்கும் ஐபாக் பிராண்ட் ஸ்பிரிங்கும் பொருத்தம் பார்த்துச் சேர்த்த செட். பி14 உயரம் மாற்றக்கூடிய காயிலோவர். பி16-இல் உயரத்தோடு ஷாக்கின் இறுக்கத்தையும் மாற்றலாம். கே.டபிள்யூ. என்ற இன்னொரு பிராண்டின் காயிலோவரில் வேரியன்ட் 1, 2, 3 என்று போகும். முதலாவதில் உயரம் மட்டும், இரண்டாவதில் ரீபவுண்டும் (ஷாக் நீளும்போது வரும் எதிர்ப்பு), மூன்றாவதில் கம்ப்ரஷனும் (அமுங்கும்போது வரும் எதிர்ப்பு) சேர்த்து மாற்றலாம்.

கார் உயரம் குறைய வேண்டாம், ஓட்டம் மட்டும் இறுக வேண்டும் என்கிறவருக்கு பி6 ரகம்போல எதுவும் கிடையாது. குடும்பத்தோடு ஓடும், வாரக்கடைசியில் வால்பாறை ஏறும் போலோவுக்கு என் முதல் தேர்வு அதுதான். பார்வைக்கும் கொஞ்சம் தாழ வேண்டும் என்றால் பி12 மாதிரி செட். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒருவரே பொருத்தம் பார்த்துக் கொடுத்தது என்பது பெரிய நிம்மதி.

காயிலோவர் யாருக்கு? வருடத்தில் சில தடவையாவது டிராக்குக்குப் போகிறவர், உயரத்தை மாற்றி, நான்கு மூலை எடையைச் சரிபார்த்து, அதற்கு நேரம் செலவழிக்கத் தயாராக இருப்பவர். அவருக்குத் தரமான செட் வாங்கப் பணம் இல்லையென்றால், மலிவான காயிலோவரைவிட நல்ல சாதா ஷாக் எவ்வளவோ மேல். போலோவின் பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. செட்டில் பின்பக்கத்துக்கு வருவது தனி ஷாக்கும், ஸ்பிரிங் இருக்கையில் வைக்கும் உயரம் மாற்றும் திருகும்தான். ஸ்பிரிங் இருக்கையை மேலே திருகினால் ஸ்பிரிங் இறுகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண நேர் ஸ்பிரிங்கில் அப்படி இல்லை, கார் உயரம்தான் ஏறும்.

ஆன்டி ரோல் பார்

இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி இது. கார் சாயும்போது மட்டும் வேலை செய்யும், இரண்டு பக்கமும் சேர்ந்து அமுங்கும்போது சும்மா இருக்கும். கம்பியின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் இறுக்கம் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் 46 சதவீதம் கூடுதல்.

முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் பாரைப் பெரிதாக்குவது பெரும்பாலும் எதிர்விளைவைத்தான் தரும். வெளிப்பக்க முன் டயரின் மேல் சுமை இன்னும் ஏறி, கார் திரும்ப மறுக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இது நன்றாகத் தெரியும். இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உள்பக்க முன் டயர் எடையில்லாமல் வழுக்கிச் சுற்றும். பின்பக்கத்தைக் கொஞ்சம் இறுக்கினால் சாய்வை அடக்கும் வேலையில் பின்பக்கம் அதிகப் பங்கு எடுத்துக்கொள்கிறது. முன்னிரண்டு டயருக்கும் எடை ஓரளவு சமமாகக் கிடைத்து, கார் வளைவுக்குள் மூக்கை நுழைக்கும். போலோவின் டார்ஷன் பீமே ஒரு ஆன்டி ரோல் பார்போல வேலை செய்கிறது. அதோடு போல்ட் போட்டு மாட்டும் கூடுதல் பார் கிடைக்கிறது. செலவைப் பார்த்தால் கையில் தெரியும் மாற்றம் அதிகம்.

ஆனால் அளவோடு. பின்பக்கம் அதிகம் இறுகிய காரில், மழை பெய்த மலைப்பாதை இறக்கத்தில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் சுற்றிக்கொண்டு வரும். வீட்டில் வேறு யாராவது அந்தக் காரை ஓட்டுகிறார்கள் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். புது ஷாக் போட்டு நன்றாகப் பழகிய பிறகு பாரைப் பற்றி முடிவு செய்வது நல்லது. இரண்டு ஸ்ட்ரட்டின் தலையையும் இணைக்கும் குறுக்குக் கம்பியான ஸ்ட்ரட் டவர் பிரேஸைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். போலோவின் பாடிக்குத் தெருவில் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, அந்தப் பணம் டயருக்குப் போகட்டும்.

மாட்டிய பிறகு

எந்தப் பாகத்தை மாற்றினாலும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கட்டாயம். கார் இறங்கியதும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தானாக மாறும். டயரின் உள்ஓரம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தை, திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் டோதான், டயர் ஒவ்வொரு மீட்டரும் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகும். தெருவுக்கு முன் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி வரை, டோ பூஜ்யம் அல்லது மிகக் கொஞ்சம் உள்நோக்கி இருந்தால் போதும். போலோவில் முன் கேம்பருக்கென்று தனித் திருகு இல்லை. லோயர் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சட்டமான சப்ஃபிரேமை நகர்த்தி இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தலாம், அதிகம் வேண்டுமென்றால் கேம்பர் போல்ட் தேவைப்படும். பிரின்ட் அவுட் கேட்டு வாங்குங்கள், முன் பின் இரண்டு எண்களும் அதில் இருக்க வேண்டும். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கி உட்காரும். அதன் பிறகு இன்னொரு தடவை சரிபாருங்கள். கார் முன்னால் எவ்வளவு இறங்கியது, பின்னால் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஹெட்லைட்டின் கோணமும் மாறும். அதையும் அன்றைக்கே திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

டயரில் காற்றைக் கம்பெனி சொன்ன அளவில் வைத்து ஆரம்பியுங்கள். ஒரே நாளில் ஷாக், பார், அலைன்மென்ட், காற்று என்று எல்லாவற்றையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. நன்றாகத் தெரிந்த ஒரு பத்து கிலோமீட்டர் ரோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே வேகத்தில் அதே இடங்களைக் கடந்து பாருங்கள்.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. செய்த வேலையை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லையும் பாகத்தின் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் எது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டி வீட்டிலேயே வையுங்கள். காரை விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.